ஊசி வாங்குவதா, ஆய்வில் சேர்வதா, மலையேறுவதா: அடங்காத ஆஸ்துமாவுக்கு எது தோது?

இன்ஹேலர் இழுத்தும் இளைப்பு அடங்காதவர்களுக்கு இன்றைக்கு நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. இளைப்பு கூடும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி ஓட்டுவது ஒன்று. ‘பயாலஜிக்’ என்று டாக்டர்கள் சொல்லும் ஊசியை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொன்று. அதே வகை ஊசிகளையோ இனிமேல் வரவிருக்கும் மருந்துகளையோ சோதித்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வில் சேர்வது மூன்றாவது. ஊரை மாற்றுவது நான்காவது. சேலத்தில் அது ‘ஏற்காட்டுல போய் ஆறு மாசம் இருந்துட்டு வா’ என்ற யோசனையாக வரும்.

என் பெரியம்மா மகன் இந்தக் கேள்வியோடுதான் வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் மெருகு போடும் வேலை, நாற்பதைத் தாண்டியவர். ஒரே வருடத்தில் பல முறை இளைப்பு முற்றி நெபுலைசர், மாத்திரை என்று போயிருக்கிறது. அவரைப் பார்க்கும் டாக்டர், வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள், விருப்பமா என்று கேட்டிருக்கிறார். “சேந்தா நம்மள எலி மாதிரி வச்சுப் பாப்பாங்களா தம்பி? இல்ல, கடன வாங்கியாச்சும் ஊசியவே போட்டுக்கட்டுமா?” என்றார். நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக நீண்ட காலம் வேலை பார்த்தவன். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நுரையீரல் மருத்துவரின் கையில் இருக்கட்டும்.

நான்கில் எது என்று பார்ப்பதற்கு முன்னால் இது உண்மையிலேயே கடுமையான ஆஸ்துமாதானா என்று தெரிய வேண்டும். நெதர்லாந்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 17 சதவீதம் பேருக்கு அதிக அளவு மருந்து எழுதிக் கொடுத்தும் நோய் கட்டுக்கு அடங்காமல் இருந்தது. மருந்தை ஒழுங்காகவும் சரியான முறையிலும் எடுத்தும் அடங்காதவர்களை மட்டும் பிரித்தபோது அது 3.7 சதவீதமாக இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது விலை உயர்ந்த ஊசி கிடையாது. கையில் இருக்கும் மருந்து நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

அண்ணனை என் எதிரில் இன்ஹேலர் இழுக்கச் சொன்னேன். டப்பாவைக் குலுக்கவில்லை, மூச்சை வெளியே விடவில்லை, அழுத்தி முடித்த பிறகுதான் உறிஞ்சினார். அப்படி இழுத்தால் மருந்தில் பெரும்பங்கு நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஸ்பேசர் மாட்டினால் கையும் மூச்சும் ஒரே நொடியில் ஒத்துப்போக வேண்டிய கஷ்டம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாயை ‘குழந்தைகளுக்கானது’ என்று பெரியவர்கள் ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

அடுத்து, எந்த இன்ஹேலர்? சால்புடமால் உடனே மூச்சைத் திறந்துவிடும்; உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வருடத்தில் மூன்று டப்பாவோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது, பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று ‘ஜினா’ எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டி எச்சரிக்கிறது. 2018இல் வெளிவந்த சிக்மா ஆய்வுகள் லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடந்தவை. அவற்றில் ஒன்றில், தேவைப்படும்போது டெர்பியூட்டலின் (சால்புடமால் வகை மருந்து) மட்டும் இழுத்தவர்களைவிட, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான புடசோனைடும் மூச்சைத் திறக்கும் ஃபார்மோட்டரோலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது இழுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவாக இருந்தன. மறு வருடமே ஜினா, சால்புடமால் வகையை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவைச் சமாளிக்கும் முறையைக் கைவிடச் சொன்னது. 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டில், உலக ஆஸ்துமா நோயாளிகளில் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா சாவுகளிலோ 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான். வீக்கத்தைக் குறைக்கும் மருந்து உரியவர்களுக்குப் போய்ச் சேராததுதான் இதற்குப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வேலை இடத்தையும் விட்டுவிடக் கூடாது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் பட்டறை மூடும் நாட்களில் இளைப்பு குறைகிறதா? திறந்த இரண்டாம் நாளே திரும்புகிறதா? ஆம் என்றால் பற்றவைக்கும் புகை, அமில ஆவி, மெருகுத் தூள் ஆகியவற்றை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விசைத்தறிப் பஞ்சுத் தூசிக்கும் வெள்ளைக்கல் சுரங்கத் தூசிக்கும் இதே கேள்விதான். எந்த ஊசி போட்டாலும் தினமும் எட்டு மணி நேரம் அதே புகையில் உட்கார்ந்தால் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும்.

‘ஈஸ்னோபில் ஜாஸ்தி’

நம் ஊரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சொல்லும் வார்த்தை இது. ஊசிக்கும் ஆய்வுக்கும் போவதற்கான வாசலே இந்த எண்தான் என்பதால் இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

ஈஸ்னோபில் என்னும் வெள்ளையணுக்கள் மூச்சுக்குழாயில் குவிந்து வீக்கத்தை உண்டாக்குவது ஆஸ்துமாவில் ஒரு வகை. அந்த அணுக்களை வளர்த்துவிடும் ஐஎல்-5 என்ற புரதத்தைத் தடுப்பது மெபோலிசுமாப் ஊசி. ஆரம்ப ஆய்வுகளில் அது தோற்றது. 2007இல் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வில் ரத்தத்தில் ஈஸ்னோபில் குறைந்தது. நோயாளிகளுக்குச் சொல்லும்படியான சுகம் எதுவும் கிடைக்கவில்லை. மருந்து மூட்டை கட்டப்படும் நிலை. 2009இல் இரண்டு சின்ன ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 61 பேர், மற்றதில் 20 பேர்தான். இந்த முறை கண்ட ஆஸ்துமாக்காரர்களையும் சேர்க்காமல், சிகிச்சைக்குப் பிறகும் சளியில் ஈஸ்னோபில் குறையாதவர்களாகப் பொறுக்கி எடுத்தார்கள். 61 பேர் ஆய்வில் வருடத்துக்குச் சராசரி தாக்குதல் வெற்று மருந்துக் குழுவில் (ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத ஊசி போடப்பட்டவர்கள்) 3.4 ஆகவும் மெபோலிசுமாப் குழுவில் 2.0 ஆகவும் இருந்தது. அதே மருந்துதான், ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் மாறியது. 2012, 2014 ஆண்டுகளின் பெரிய ஆய்வுகள் இதை உறுதி செய்தன. 2015இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஆகவே ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஊசி நல்லா கேட்டுச்சு’ என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் ஈஸ்னோபில் எண் எவ்வளவு, அது ஏன் கூடியது என்று பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் கட்டுரைகள் வேகமாகக் கடந்துபோகும் இடம் நமக்கு இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஈஸ்னோபில் கூடுவதற்கு ஆஸ்துமா தவிர வேறு காரணங்களும் சாதாரணம். குடல்புழு ஒரு காரணம். யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் இரவு இருமலும் இளைப்புமாக வரும் நோய் ஒன்று உண்டு. அதில் ஈஸ்னோபில் எண்ணிக்கை (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில்) 3,000ஐத் தாண்டி நிற்கும். ஆஸ்துமா என்றே அதற்கு வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்த நோய்க்கு டைஎத்தில்கார்பமசின் என்ற புழுக்கொல்லி மாத்திரையை வழக்கமாக மூன்று வாரம் கொடுக்கிறார்கள்; விலையும் சொற்பம்.

இன்னொன்று பூஞ்சை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயில் குடியேறி, கடும் ஒவ்வாமையைக் கிளப்பி, மெல்ல மெல்ல நுரையீரலைச் சிதைக்கும். இந்திய நுரையீரல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய் இது. பழுப்பு நிறச் சளிக்கட்டிகளும் ரத்தத்தில் மிக உயர்ந்த மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்) அளவும் அறிகுறிகள். இதற்கான சிகிச்சையே வேறு. சண்டிகர் பிஜிஐ மருத்துவக் கழகத்தினர் 131 பேரிடம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது: ஸ்டீராய்டு எடுத்த எல்லாருக்கும் குணம் தெரிந்தது, பூஞ்சைக்கொல்லி எடுத்தவர்களில் 88 சதவீதம் பேருக்குத் தெரிந்தது, பக்கவிளைவுகள் பூஞ்சைக்கொல்லிக் குழுவில் குறைவு. லட்சத்தைத் தொடும் ஊசியைப் பற்றிப் பேசும் முன், மொத்த ஐஜிஇயும் ஆஸ்பெர்ஜில்லஸுக்கான ஐஜிஇயும் பார்த்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதியதற்கு இந்த ஒரு வரி போதும்.

மாத்திரையும் ஊசியும்

ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும். இளைப்பு முற்றிய இரவில் அதை வேண்டாம் என்று சொல்பவர் நோயாளிக்கு நண்பர் இல்லை. ஆபத்து அதன் எண்ணிக்கையில் இருக்கிறது. அமெரிக்காவில் 15 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளை அலசி 2017இல் வந்த ஆய்வில், ஒரு மாதத்துக்கும் குறைவான ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக்கூட அடுத்த 30 நாளில் ரத்தத்தில் தொற்று பரவும் ஆபத்து ஐந்து மடங்காகவும், ரத்தக்கட்டு மூன்று மடங்காகவும், எலும்பு முறிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் இந்த வழி கைவிட வேண்டிய வழி என்பது என் கருத்து. நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும்.

ஊசிகளின் பலன் நன்றாகவே நிரூபணமானது. ஒமாலிசுமாப் ஐஜிஇயைப் பிடிக்கிறது, 2003இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. உடல் எடையும் ஐஜிஇ அளவும் பார்த்து இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மெபோலிசுமாப் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. பென்ராலிசுமாப் முதல் மூன்று தவணைக்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 2017இல் நடந்த ஆய்வில் இந்த ஊசியால் மாத்திரையின் அளவு 75 சதவீதம் குறைந்தது, வெற்று மருந்துக் குழுவில் 25 சதவீதம். டெசெபெலுமாப் வீக்கத்தை அது கிளம்பும் இன்னும் முந்தைய கட்டத்திலேயே தடுக்கிறது. 2021இன் நேவிகேட்டர் ஆய்வில் வருடத் தாக்குதல் வெற்று மருந்துக் குழுவில் 2.10, மருந்துக் குழுவில் 0.93. ஈஸ்னோபில் குறைவாக இருந்தவர்களுக்கும் ஓரளவு உதவியது.

தடை, விலை. வருடச் செலவு லட்சங்களில் வரும், முடிவு தேதி கிடையாது. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. கடன் வாங்கித்தான் போட வேண்டும் என்றால் நான் சொல்லும் கணக்கு இது: குறைந்தது நான்கு மாதம் போட்டுப் பார்த்துத்தான் பலன் உண்டா என்று முடிவு செய்யச் சொல்கிறது ஜினா. அந்த நான்கு மாதப் பணத்தை மட்டும் எடுத்து வையுங்கள். பலன் தெரியவில்லையா, டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள். பலன் தெரிந்தால் ஐந்தாம் மாதப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு முதல் ஊசிக்கு முன்பே பதில் வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தொடங்கி, நன்றாக வேலை செய்த மருந்தைப் பணமில்லாமல் பாதியில் விட்டவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. ஊசி போடுகிறோமே என்று இன்ஹேலரை நிறுத்துவதும் பெரிய தவறு.

ஆய்வில் சேர்ந்தால்

‘எலி’ என்ற பயத்துக்கு நியாயம் உண்டு. இந்தியாவில் ஆய்வுகள் முறைகேடாக நடந்த காலம் இருந்தது, உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனது. இப்போது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு ஆய்வையும் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆளும் சட்டம் தெரிந்தவரும் உள்ளே இருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில், தமிழில், கிடைக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் தேவைப்படும் காலம்வரை இலவச சிகிச்சை, உரிய இழப்பீடு. எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது. ஆய்வுகளெல்லாம் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நீங்களோ படித்த பிள்ளைகளோ இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண் தரத் தயங்கும் இடத்தில் நிற்காதீர்கள்.

வெற்று மருந்து பற்றி அண்ணனுக்கும் பயம் இருந்தது: “ஒண்ணுமில்லாத தண்ணிய ஏத்திட்டா?” கடுமையான ஆஸ்துமா ஆய்வுகளில் வழக்கமாக எல்லாருக்கும் இன்ஹேலர் சிகிச்சை அப்படியே தொடரும், அதன் மேல் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று ஊசியும் சேர்க்கிறார்கள். அடிப்படை மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆய்வு என்றால் ஏன் என்று விளக்கம் கேட்டே ஆக வேண்டும்.

புது மருந்து கிடைத்தால் யோகம், வெற்று மருந்து கிடைத்தால் நஷ்டம் என்று நினைப்பதற்கும் இடமில்லை. மூச்சை நீண்ட நேரம் திறந்து வைக்கும் சால்மெட்டரால் என்ற மருந்தை 26,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு பாதியில் நின்றது. ஆஸ்துமாவால் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 13 பேர், வெற்று மருந்துக் குழுவில் 3 பேர். இன்ஹேலர் ஸ்டீராய்டு இல்லாமல் அந்த வகை மருந்தைத் தனியே கொடுக்கக் கூடாது என்று உலகம் உறுதியாகக் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். ஃபெவிபிப்ரான்ட் என்ற மாத்திரை நடுக்கட்ட ஆய்வுகளில் பெரிய நம்பிக்கை கொடுத்து, நிறையப் பேரிடம் சோதிக்கும் மூன்றாம் கட்டத்தில் எதிர்பார்த்த பலன் இல்லாமல் 2019இல் கைவிடப்பட்டது. சேருபவர் இதைத் தெரிந்தே சேர வேண்டும்.

சேலத்துக்காரருக்கு நிஜமான செலவு நாள்கூலி. ஒரு வருட ஆய்வு என்றால் மாதம் ஒருமுறையாவது கோவைக்கோ வேலூருக்கோ போய்வர வேண்டியிருக்கும். ஊதிப் பார்க்கும் பரிசோதனை, ரத்தம், காத்திருப்பு என்று அன்றைய நாள் போய்விடும். பயணச் செலவைத் தருவார்கள். பட்டறையில் போகும் கூலிக்கு ஈடு உண்டா என்பதைப் படிவத்தில் தேடுங்கள். கிடைப்பது என்ன? இலவசப் பரிசோதனைகள், நேரம் ஒதுக்கிப் பார்க்கும் டாக்டர், இன்ஹேலர் முறையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் நர்ஸ். வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களும் ஆய்வுக் காலத்தில் முன்பைவிடத் தேறுவதை நான் பார்த்ததற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

எல்லாரையும் சேர்க்கவும் மாட்டார்கள். புகைபிடித்த வரலாறு, புழுத் தொற்று, வேறு நுரையீரல் நோய் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். சாதாரண ஆஸ்துமா நோயாளிகளை எடுத்து, பெரிய ஆய்வுகளின் தகுதி விதிகளோடு பொருத்திப் பார்த்த 2007ஆம் ஆண்டு அலசலில் நடுமதிப்பாக 4 சதவீதம் பேரே தேறினார்கள். விறகடுப்பில் சமைத்த அம்மாவும் பஞ்சுத் தூசியில் வேலை செய்த அப்பாவும் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். தகுதியில்லை என்று திரும்பி வந்தால் மனம் உடைய வேண்டியதில்லை.

கடைசியாக, ஆய்வு முடிந்த மறுநாள் என்ன? மருந்து பலன் தந்து, வேறு மாற்று இல்லாத நிலையில், ஆய்வாளரும் நெறிமுறைக் குழுவும் பரிந்துரைத்தால் நிறுவனம் அதை இலவசமாகத் தொடர்ந்து தர விதியில் வழி இருக்கிறது. வழி இருப்பது உறுதிமொழி ஆகாது. எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவையும் வைத்து அண்ணனுக்கு நான் சொன்ன முடிவு: மூன்று மாதம் ஸ்பேசரோடு முறையான இன்ஹேலர், புழுவுக்கும் பூஞ்சைக்கும் பரிசோதனை, மெருகு மேடையிலிருந்து வேறு வேலைக்கு மாற முதலாளியிடம் பேச்சு. அதற்குப் பிறகும் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டு, ஈஸ்னோபில் எண்ணும் பொருந்தினால், கடன் வாங்கி ஊசி போடுவதைவிட மூன்றாம் கட்ட ஆய்வில் சேர்வது மேல். முதல் கட்ட ஆய்வு அவருக்கு வேண்டாம். அது பாதுகாப்பைப் பார்ப்பதற்கானது, குணத்தை எதிர்பார்த்துச் சேரும் இடம் கிடையாது. பணம் தாராளமாக உள்ளவர், அல்லது மாதம் ஒரு நாள் பயணமே முடியாதவர், ஊசியை வாங்குவதில் தப்பில்லை. ஆய்வில் சேர்ந்தால் 24 மணி நேரத் தொடர்பு எண் உள்ள அட்டை கொடுப்பார்கள். இரவில் இளைப்பு முற்றினால் கோவைவரை போக நினைக்காமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

ஏற்காடும் டாவோஸும்

மலைக்காற்று யோசனைக்கு ஒரு மூலம் உண்டு. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில் ஆஸ்துமா நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துச் சிகிச்சை தந்திருக்கிறார்கள், பலன்களும் பதிவாகியுள்ளன. டாவோஸின் உயரம் ஏறத்தாழ 1,560 மீட்டர். ஏற்காடும் ஏறக்குறைய 1,500 மீட்டர்! ஆனால் டாவோஸில் காற்று வறண்டது. படுக்கையில் வாழும் தூசிப்பூச்சிக்கு அங்கே பிழைக்க ஈரம் போதாது. சேர்வராயன் மலையில் மழையும் மூடுபனியுமாக ஈரம் ஊறி நிற்கிறது. துணி காயாது, சுவரில் பூஞ்சை படரும். தூசிப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கு நவம்பர், டிசம்பரில் அங்கே தங்குவது நோயைக் கூட்டவே செய்யலாம். காப்பிக்கொட்டை பதப்படுத்தும் இடங்களின் தூசியே ஒவ்வாமை தருவது என்பதும் பல நாடுகளில் பதிவான விஷயம். பட்டறைப் புகையிலிருந்து விலகி இருப்பதால் சிலருக்குச் சுகம் தெரியலாம். அதற்குச் சேலத்திலேயே வேலையை மாற்றினால் போதும். நள்ளிரவில் மூச்சு நின்றுபோகும் நிலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மலையில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வேறு. சுவரின் ஈரத்தைச் சரிசெய்வது, விறகடுப்புப் புகையை வெளியேற்றுவது, ஸ்பேசரும் கூடுதல் இன்ஹேலரும் எப்போதும் வீட்டில் வைத்திருப்பது, மூச்சு திணறத் தொடங்கியதுமே 108ஐ அழைப்பது அவர்களுக்கு எல்லா ஊசியையும்விட முந்தியது.

உணவாலோ குளவிக் கொட்டாலோ உடம்பெல்லாம் தடித்து, மூச்சடைத்து, மயங்கி விழும் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே ஊசி, இதே ஆய்வு என்ற கேள்வி வரத் தொடங்கிவிட்டது. 2024இல் வந்த அவுட்மேட்ச் ஆய்வில், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் இளையவர்களும் ஒமாலிசுமாப் போட்ட பிறகு 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கிக்கொண்டவர்கள் 67 சதவீதம். வெற்று மருந்தில் 7 சதவீதம். அது தவறுதலாக வாயில் பட்டால் காப்பதற்கான அரண். கடலை மிட்டாய் சாப்பிட அனுமதி கிடையாது. இப்படி ஒரு குழந்தை உள்ள வீட்டில் நான் ஊசியையும் ஆய்வையும் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலாவது, இந்தத் தாக்குதலை உடனே அடக்கும் அட்ரினலின் ஊசி. தானே குத்தும் பேனா வடிவம் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் குத்துவதை, உங்கள் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்பதோடு, டாக்டரிடம் எழுதி வாங்கி, அவர் முன்னாலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியரில் ஒருவருக்கும் அதைப் பழக்கச் சொல்லிக் கேளுங்கள். செட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைத்த மூச்சைத் திறக்காது. அட்ரினலின் போட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அடங்கிய தாக்குதல் மீண்டும் கிளம்புவது உண்டு.